தாய்-மகள் வாசிப்பு வட்டம்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

தாய்மாரும் மகள்களும் கூடி அமர்ந்து சிறார் நாவல்களை வாசிப்பது குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை மட்டும் சுருக்கித் தந்து அவற்றுக்குப் பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய தோழியர் நால்வரும் அவர்களுடைய தாய்மாரும் எங்களோடு சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்க விரும்புகிறார்கள். நூலை யார் தேர்ந்தெடுப்பது? எதைக் கவனித்துத் தொடங்குவது?

பதில்: ஐந்து தாய்மார், ஐந்து மகள்கள் என்ற உங்கள் கணக்கு மிகப் பொருத்தமானது. ஓரிருவர் வர இயலாத நாளிலும் பேச்சு நடக்கும். எல்லாரும் வந்த நாளில் கூச்சமுள்ள குழந்தைக்கும் பேச முறை கிடைக்கும். வாஷிங்டனில் தம் மகளுக்காக இத்தகைய வட்டம் ஒன்றைத் தொடங்கிய ஷிரீன் டாட்சன், 1997இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை: தாயும் மகளும் ஒரே நாவலை முழுமையாக வாசித்துவிட்டு வர வேண்டும். மகள் வாசித்தால் போதும், தாய் மேற்பார்வைக்கு வருகிறாள் என்ற நிலை ஏற்பட்டால் அது வட்டமாக இருக்காது, இன்னொரு வகுப்பாகிவிடும்.

நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மகள்களுடையது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முறை வைத்து, ஒவ்வொரு மாதமும் ஒரு சிறுமி இரண்டு மூன்று நாவல்களைக் கொண்டு வரட்டும். மற்ற சிறுமியர் அவற்றிலிருந்து ஒன்றை முடிவு செய்யட்டும். தாய்மாருக்கு ஏதேனும் ஐயம் இருந்தால், நூல் பட்டியலில் சேரும் முன்பே வாசித்துப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். மகள்கள் முடிவு செய்த பிறகு மறுப்பதைப் போல அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுப்பது வேறில்லை. சிறுமியரின் வயதுக்கிடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே நாவலில் தேடுவது ஒன்றல்ல. முதல் நூல் சிறியதாக இருக்கட்டும்.

எளிதில் கவனம் தப்பிவிடக்கூடிய செய்தி ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே பதிப்பை வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் உமன்’ நாவலின் முதல் பகுதி 1868இலும் இரண்டாம் பகுதி 1869இலும் வெளிவந்தன. சில பதிப்புகளில் முதல் பகுதி மட்டுமே இருக்கும், சிலவற்றில் இரண்டும் சேர்ந்திருக்கும். பாதிப் பேர் ஓர் இடத்தில் கதையை முடித்துவிட்டும், மீதிப் பேர் இரண்டாம் பகுதியில் இறந்துபோகும் பெத்துக்காக அழுதுவிட்டும் வந்து அமர்ந்தால் அன்றைய பேச்சு எங்கும் நகராது. சுருக்கப் பதிப்புகளாலும் இதே தொல்லை வரும்.

கேள்வி: மகள் மூலமொழியில் வாசிக்கிறாள், எனக்கு மொழிபெயர்ப்பில்தான் வாசிக்க முடிகிறது. நான் வட்டத்தில் சேரலாமா?

பதில்: தயங்காமல் சேருங்கள். சுவிட்சர்லாந்தின் ‘ஹைடி’ நாவலையும் சுவீடனின் ‘பிப்பி’ நாவலையும் உலகின் பெரும்பாலான குழந்தைகள் மொழிபெயர்ப்பில்தான் அறிந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு முழுமையானதா, அத்தியாயங்கள் விடுபடவில்லையா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கண் வலியாலோ நேரமின்மையாலோ வாசிக்க இயலாதவர்கள் ஒலிநூலாகக் கேட்டுவிட்டு வருவதும் முழுமையான வாசிப்பே.

கேள்வி: எதைக் கேட்டாலும் என் மகள் “நன்றாக இருந்தது” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. மற்ற சிறுமியரும் தாய்மாரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

பதில்: அந்த ஒற்றை வரிப் பதிலுக்குக் காரணம் பெரும்பாலும் நம் கேள்வியிலேயே இருக்கிறது. “இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டதும் மகள் தேர்வறையில் அமர்ந்துவிட்டவளைப் போலாகிவிடுகிறாள், சரியான விடை ஒன்று அம்மாவிடம் இருக்கிறது, அதைத் தான் சொல்லியாக வேண்டும் என்று எண்ணி, பிழைபடாத ஒரு சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்கிறாள்.

ஆசிரியராகப் பணியாற்றிய இங்கிலாந்து எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ், குழந்தைகளோடு நூல்களைப் பற்றி உரையாடுவது குறித்து 1993இல் வெளியிட்ட நூலில், நான்கு அடிப்படைக் கேள்விகளை முன்வைத்தார். பிடித்தது எது, பிடிக்காதது எது, குழப்பியது எது, ஒன்றோடொன்று தொடர்புடையதாகவோ திரும்பத் திரும்ப வருவதாகவோ தோன்றியது எது என்பவையே அவை. “ஏன்?” என்று குறுக்கிட்டுக் கேட்பதைக் குறைத்து, “அதைப் பற்றிச் சொல்லேன்” என்று அழைக்கும்படியும் அவர் அறிவுறுத்தினார். இந்த நான்கில் குழப்பியது எது என்ற கேள்வியையே நான் மிகவும் மதிக்கிறேன். பிடித்ததைச் சொல்வதில் கூட ஒரு நடிப்பு புகுந்துவிடலாம். புரியாததைச் சொல்வதில் அதற்கு இடமில்லை. அதை முதலில் தாய் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் விளங்காத ஓர் இடம் அந்த நாவலில் இருக்கிறது என்று அறியும் கணத்தில், மகள் விடை சொல்லும் நிலையிலிருந்து கூடத் தேடும் நிலைக்கு வந்துவிடுகிறாள்.

இதற்கு மேலும் ஒரு வழியை உங்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். நாவலில் வரும் தாயைப் பற்றிப் பேசுங்கள். ஈ. பி. ஒயிட் 1952இல் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’ நாவலைப் பன்றிக்குட்டி வில்பருக்கும் சிலந்தி சார்லட்டுக்கும் இடையிலான நட்பின் கதையாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், அதில் ஃபெர்ன் என்ற சிறுமியின் தாயும் இருக்கிறாள். மகள் நாள்தோறும் தொழுவத்தில் அமர்ந்து விலங்குகள் பேசுவதைக் கேட்டதாகச் சொல்வது அவளைக் கலங்க வைக்கிறது. மருத்துவரிடம் சென்று ஆலோசனை கேட்கிறாள். மருத்துவரோ கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிறார். அந்தத் தாய் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். “என்னைப் பற்றி இவ்வளவு கவலைப்படாதீர்கள் அம்மா” என்று நேரில் சொல்லத் துணியாத மகளுக்கு, ஃபெர்னின் தாயைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கும். தாய்மாருக்கும் அப்படித்தான், தங்கள் அச்சங்களை மகளின் மீது சுமத்தாமல், அந்தப் பாத்திரத்தின் வழியே சொல்லிவிட முடியும்.

‘லிட்டில் உமன்’ நாவலிலும் இப்படி ஓர் இடம் உண்டு. தன் கோபத்தால் தங்கைக்கு நேரவிருந்த ஆபத்தை எண்ணி ஜோ கதறும்போது, எப்போதும் அமைதியாகத் தெரியும் அவளுடைய தாய், தானும் வாழ்நாளில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் கோபம் கொள்பவள்தான் என்றும், அதை வெளிக்காட்டாதிருக்கப் பழகிக்கொண்டாள் என்றும் மகளிடம் சொல்கிறாள். தாயின் கோபத்தை ஒரு மகள் முதன்முதலாக அறிந்துகொள்ளும் அந்தப் பக்கத்தை யாராவது ஒருவர் உரக்க வாசிக்கட்டும். கோபத்தை அடக்கிக்கொள்வதுதான் சரியா, அல்லது சொல்லிவிடுவதுதான் சரியா என்பதில் பத்து வயதுச் சிறுமியருக்கும் நாற்பது வயதுப் பெண்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தே தீரும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மகள் நாவலின் தாயைப் பற்றிச் சொன்னதை வீட்டுக்கு இழுத்து வராதீர்கள். “அப்படியென்றால் நானும் அவளைப் போலத்தான் என்கிறாயா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் கதவு அடுத்த கூட்டத்தில் திறக்காது. அவள் சொன்னதை நாவலைப் பற்றிய கருத்தாகவே எடுத்துக்கொண்டு, நூலிலிருந்தே பதில் சொல்லுங்கள். உங்களுக்கு அதில் புரிய வேண்டியது புரிந்திருக்கும்; புரிந்ததை அவளிடம் உறுதி செய்துகொள்ளத் தேவையில்லை. மற்ற தாய்மாரோடு அதைப் பிறகு பேசுவதும் கூடாது.

தாயின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கத்துக்கு இருக்கையை மாற்றுவதே போதும்: மகளைத் தன் தாயின் அருகில் அல்லாமல் வேறொருவரின் தாய்க்கு அருகில் அமரச் செய்யுங்கள். சொந்தத் தாயிடம் சொல்லாத கருத்தைத் தோழியின் தாயிடம் குழந்தைகள் மிக இயல்பாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: மகள்கள் தேர்ந்தெடுத்த நாவலின் நாயகி பெரியவர்களுக்கு அடங்காதவளாக, பள்ளிக்கே ஒழுங்காகப் போகாதவளாக இருக்கிறாள். இப்படிப்பட்ட நூலை வட்டத்தில் அனுமதிக்கலாமா?

பதில்: அனுமதிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் கூட்டத்தில் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். அடங்காத சிறுமி என்றதும் நினைவுக்கு வருபவள் பிப்பிதான். அவள் பிறந்ததே ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில். 1941இல் நோயுற்றுப் படுத்திருந்த தம் மகள், தானே உருவாக்கிய ஒரு விந்தையான பெயரைச் சொல்லி, அந்தப் பெயருடைய சிறுமியைப் பற்றிக் கதை சொல்லும்படி கேட்க, சுவீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் சொல்லத் தொடங்கினார். 1944இல் கால் பிசகி ஓய்வில் இருந்தபோது அவற்றை எழுதி, மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் படியாகவே பரிசளித்தார். ஒரு பதிப்பகம் நிராகரித்த பின் 1945இல் இன்னொரு பதிப்பகத்தின் வழியே நூல் வெளியானது. அடுத்த ஆண்டே, இது குழந்தைகளுக்கு ஆகாத நூல் என்று பத்திரிகையில் கடுமையான விமர்சனமும் வந்தது. ஆகவே, உங்கள் கவலை புதியதன்று, இழிவானதும் அன்று.

அந்த நாவலை வாசிக்கும்போது, பிப்பியின் குறும்புகளோடு அவளுடைய தனிமையையும் கவனியுங்கள். அவளுக்குத் தாய் இல்லை. வானத்திலிருந்து ஒரு சிறு துளை வழியாகத் தாய் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பி, அவ்வப்போது மேலே கையசைத்து, கவலைப்பட வேண்டாம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்கிறாள். சிறுமியர் அந்த வரியைச் சிரித்தபடி கடந்துவிடுவார்கள். தாய்மாரால் அவ்வாறு கடக்க முடியாது. ஒரே பக்கத்தை இரு வயதினர் இப்படி வேறு வேறாக வாசிப்பதைக் கேட்பதற்காகத்தானே கூடி அமர்கிறோம்? நாயகியைப் போலவே மகளும் நடந்துகொள்வாளோ என்று அஞ்சும் தாய்க்கு ஒன்று சொல்வேன்: பிப்பியைப் போலத் தன்னால் ஒரு குதிரையைத் தூக்கிவிட முடியாது என்பது எல்லாச் சிறுமிக்கும் தெரியும்.

கேள்வி: இறுதியில் மரணம் வரும் நாவலை ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளோடு வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம். ஆனால், அண்மையில் யாரையேனும் இழந்த குடும்பம் வட்டத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, அந்தத் தாயிடம் முன்பே தெரிவித்து, அவருடைய முடிவுக்கு விட்டுவிடுங்கள். கேதரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’ நாவல், அவருடைய மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரத்திலிருந்து பிறந்தது. துயரத்தில் இருந்த தம் குழந்தைக்கு என்ன சொல்வதென்று அறியாத ஒரு தாய் எழுதிய நூல் என்பதால்தானோ என்னவோ, அதில் மலிவான ஆறுதல் இல்லை. தோழியை இழந்த சிறுவன் நம்ப மறுக்கிறான், கோபப்படுகிறான், பிறகே அழுகிறான். அந்த வரிசையைச் சிறுமியரே கண்டு சொல்வார்கள்.

உரையாடலின்போது யாரேனும் அழுதால் உடனே பேச்சை மாற்றாதீர்கள். இதெல்லாம் கதைதான் என்று தேற்றுவதும் வேண்டாம். அந்தக் குழந்தைக்கு அது கதை என்று தெரியும், தெரிந்தேதான் அழுகிறாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் விரும்பினால் அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஆவலோடு வந்த மகள், பன்னிரண்டு வயதானதும் நாவல்களைப் பாதியில் விடுகிறாள், கூட்டத்திலும் பேசுவதில்லை. கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளை வகுத்தபோது, வாசிக்காதிருப்பதையும், பக்கங்களைத் தாண்டிச் செல்வதையும், நூலை முடிக்காமல் விடுவதையும், வாசித்ததைப் பற்றிப் பேசாதிருப்பதையும் அவற்றுள் சேர்த்திருந்தார். பாதியில் விட்டவளும் கூட்டத்துக்கு வரலாம் என்று வட்டத்தின் விதியையே மாற்றுங்கள். எந்தப் பக்கத்தில் விட்டாள் என்பதே நல்ல பேச்சுக்குத் தொடக்கமாகும். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் மகள்கள் மட்டும் தனியே பேசிவிட்டு, பிறகு தாய்மாரை அழைத்துக்கொள்ளட்டும். அடுத்த சில நூல்களை அந்த வயதுக்கு உரியவையாக அவளே தேர்ந்தெடுக்கட்டும். அப்போதும் விலக விரும்பினால் விலக விடுங்கள். நீங்கள் மட்டும் விலகாமல் அந்த நாவல்களைத் தொடர்ந்து வாசித்து, வாசித்தவற்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.