பொக்லைன் டிராக் கழன்றால் திரும்ப மாட்டுவது எப்படி?

சின்ன பொக்லைனின் ரப்பர் டிராக் (டயருக்குப் பதிலாகச் சுற்றி ஓடும் பட்டை) கழன்றுவிட்டது, நெம்பினால் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கிரீஸை வெளியேற்றாமல் ஏறாது. டிராக்கை இறுக்கிப் பிடித்திருப்பது கிரீஸ் நிரம்பிய ஒரு சிலிண்டர்தான். அதன் வால்வைப் பக்கவாட்டில் நின்று மெதுவாகத் தளர்த்துங்கள். ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள், முழுசாகக் கழற்றவே கூடாது. பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் பட்டால், காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் பூமை (பக்கெட்டைத் தாங்கும் கையை) பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, டிராக் கழன்ற பக்கத்தைத் தூக்குங்கள். சட்டத்துக்கு அடியில் கனமான கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடுவது மடத்தனம். சேற்றையும் கல்லையும் சுரண்டி எடுத்துவிட்டு ஐட்லரை (டிராக்கை இழுத்துப் பிடிக்கும் முனைச் சக்கரத்தை) உள்ளே தள்ளுங்கள். டிராக்கை முதலில் ஸ்ப்ராக்கெட் (டிராக்கை ஓட்டும் பற்சக்கரம்) பற்களில் உட்காரவைத்து, பிறகு கடப்பாரையால் நெம்பி ஐட்லர் மேல் ஏற்றுங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை போகும்.

ஏறியதும் வால்வை மூடி, கிரீஸ் கன்னால் இறுக்குங்கள். தொய்வு அளவு மெஷின் கையேட்டில் இருக்கும். சரியாக இறுக்கியும் மறுபடி கழன்றால் ஐட்லர், ரோலர் (டிராக் மேல் உருளும் சின்னச் சக்கரங்கள்) தேய்மானத்தைப் பாருங்கள்.