மாடிக்குக் கம்பி விட்ட எஞ்சின்

வணக்கம் ஐயா,

நான்கு சிலிண்டர் கார் எஞ்சின்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிஎம்டபிள்யூவின் எம்10 எஞ்சினை முதலிடத்தில் வைத்திருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஹோண்டா எஸ்2000 காரின் எஃப்20சி எஞ்சின், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ எதுவும் இல்லாமலே 2 லிட்டரில் 250 குதிரைத்திறன் தந்தது. நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போனது. 1962-ல் 80 குதிரைத்திறனோடு வந்த ஒரு குடும்பக் கார் எஞ்சினை அதற்கு மேலே எப்படி வைக்கிறீர்கள்? எம்10-லிருந்து உருவான எஞ்சின் பெற்ற ஃபார்முலா 1 வெற்றியைச் சொல்வீர்கள். அந்தப் பந்தய எஞ்சினில் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல், மட்டும்தானே பழையது? மற்றதெல்லாம் வேறு என்றால் அது எப்படி அதே எஞ்சின் ஆகும்?

எங்கள் வீட்டில் இது தினமும் நடக்கும் சண்டை. இருபது வருடம் டாக்ஸி ஓட்டிய என் மாமா, இரண்டுமே இல்லை, ஸ்விஃப்ட் டிசையரில் வந்த 1.3 டீசல்தான் உலகத்திலேயே சிறந்தது என்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

நான் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் தரப் பரிசோதனையில் வேலை செய்கிறேன். பழைய ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் வைத்திருக்கிறேன். 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாமா, அப்படியே ஓட்டலாமா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் எஃப்20சி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 84 மில்லிமீட்டர் போக வேண்டும். 9000 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். அதுவும் ஒரே ஓட்டமாக இல்லை. மேலே போய் நின்று, கீழே வந்து நின்று, ஒரு நொடிக்குள் 300 முறை நின்று திரும்புகிறது. பந்தய எஞ்சின்களில் பார்க்கிற வேகம் அது. அதை 1999-ல் ஷோரூமில் வைத்து, வாரண்டியும் கொடுத்து விற்றார்கள். வாங்கியவர்கள் அதில் வேலைக்குப் போய் வந்தார்கள்.

அதற்குள் இருக்கும் வீடெக் என்ற சூட்சுமம் உங்கள் சிட்டியில் இருப்பதற்கு அண்ணன். கேம்ஷாஃப்ட்டில் இரண்டு விதமான மேடுகள். நிதானமாகப் போகும்போது சின்ன மேடு வால்வைத் தள்ளும். சுற்று ஏறியதும் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சின்ன ஊசி நகர்ந்து பூட்டிக்கொள்ள, பெரிய மேடு வேலையை எடுத்துக்கொள்ளும். 1989-ல் இன்டெக்ரா காரில் பி16ஏ எஞ்சினோடு இது முதலில் வந்தபோதே 1.6 லிட்டருக்கு 160 குதிரைத்திறன். பத்தே வருடத்தில் அதை லிட்டருக்கு 125 வரை கொண்டுபோனார்கள்.

சரி, அப்படியானால் ஏன் முதலிடம் தரவில்லை? ஹோண்டா அந்த எஞ்சினை அதன் உச்சியிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அதற்கு மேல் போக வழி இல்லை. கீழ்ச் சுற்றுகளில் இழுவை போதவில்லை என்று பேச்சு வந்ததும் 2004-ல் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் போகும் அந்தத் தூரத்தை, 90.7 மில்லிமீட்டராக நீட்டி 2.2 லிட்டர் ஆக்கினார்கள். உடனே 9000 சுற்று 8000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஒன்றைக் கூட்ட இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2009-ல் எஸ்2000 நின்றபோது அந்த எஞ்சினின் கதையும் முடிந்தது.

நம் ஊரில் வீடு கட்டுபவர்கள் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டுவைப்பார்கள். இன்றைக்குக் கையில் இருப்பது தரைத்தளத்துக்கான பணம்தான். ஆனால் நாளைக்கு மகனோ மகளோ மேலே ஒரு தளம் எடுப்பார்கள் என்று அஸ்திவாரத்தை அதற்கும் சேர்த்தே போட்டிருப்பார்கள். எம்10 அப்படிக் கட்டப்பட்ட எஞ்சின். நான் அதை முதலிடத்தில் வைத்ததற்கு ஃபார்முலா 1 கோப்பையை விட இதுதான் காரணம். கட்டுரையில் இதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் குறை.

அது எந்த நிலைமையில் கட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1959 டிசம்பரில் பிஎம்டபிள்யூ நிறுவனம் டைம்லர்-பென்ஸ் கைக்குப் போவதாக இருந்தது. பங்குதாரர் கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பி, விற்பனை நின்று, ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டுக் காப்பாற்றினார். அடுத்து வரும் கார் தோற்றால் கம்பெனியே இல்லை. மேலிடம் கேட்டது 1.3 லிட்டர் எஞ்சின். அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் என்ற பொறியாளர், தானே பந்தயம் ஓட்டியவர், 1.5-க்குக் கீழே போகக்கூடாது என்று நின்றார். 2 லிட்டர் வரை வளர இடம் வைத்தே அதை வரைந்தார். கையில் காசில்லாத கம்பெனியில், இப்போது தேவைப்படாத இரும்புக்குச் சேர்த்துச் செலவு செய்யச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் அம்பாசடர் இருக்கிறது. அதில் இருந்த பிஎம்சி எஞ்சின் 1489 சிசி. எம்10-ன் முதல் வடிவம் 1499 சிசி. ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அம்பாசடரில் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 89. ஒல்லியாக, உயரமாக. எம்10-ல் போர் 82, ஸ்ட்ரோக் 71. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டை அம்பாசடரில் மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின. எம்10-ல் ஐந்து, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பக்கமும் பிடிமானம். சுற்று ஏற ஏற கிராங்க் நடுவில் வில் மாதிரி வளையப் பார்க்கும். அதை அடக்குவது இந்தப் பேரிங்குகள்தான். 80 குதிரைத்திறனுக்கு இவ்வளவு பிடிமானம் அன்றைக்குத் தேவையே இல்லை. அப்புறம், அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் விட்டிருந்தார். 82 மில்லிமீட்டர் ஓட்டை போக 18 மில்லிமீட்டர் மிச்சம். நான் சொன்ன கம்பி இந்த 18 மில்லிமீட்டர்தான்.

அந்த மிச்சத்தில் எத்தனை தளம் எழுந்தது என்று பாருங்கள். போர் 89 ஆகி, ‘2002’ என்று பெயர் வைத்த காரில் 2 லிட்டர் எஞ்சின் வந்தது. 1973-ல் அதன் மேல் டர்போ வைத்து 170 குதிரைத்திறன். 1986-ல் எம்3 காருக்காக பிஎம்டபிள்யூவின் எஞ்சின் பொறியாளர் பால் ரோஷ் இதே பிளாக்கின் வழியில் வந்த ஒன்றை எடுத்து, போரை 93.4 மில்லிமீட்டர் ஆக்கி, தங்கள் ஆறு சிலிண்டர் பந்தய வம்சத்தின் நான்கு வால்வு ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) இரண்டு சிலிண்டரைக் குறைத்து மேலே பொருத்தினார். 2.3 லிட்டர், 200 குதிரைத்திறன். ஆறு சிலிண்டரிலும் அதே 100 மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததால்தான் அந்த ஹெட் இதன் மேல் உட்கார்ந்தது. அடுத்த வருடமே எம்3 உலக டூரிங் கார் பட்டத்தை எடுத்தது.

இப்போது உங்கள் கேள்வி: பிளாக் மட்டும் பழையது என்றால் அது எப்படி அதே எஞ்சின்? நியாயமான கேள்வி. ஃபார்முலா 1-க்குப் போன எம்12/13-ல் ஹெட் வேறு, கிராங்க் வேறு, பிஸ்டன் வேறு, டர்போவும் மின்னணுக் கட்டுப்பாடும் புதிது. ஸ்ட்ரோக் வெறும் 60 மில்லிமீட்டர். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டர்போ எஞ்சினில் அடி முழுவதும் எங்கே விழுகிறது? ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பிளாக்கைத்தான் மேலே இழுக்கின்றன. கிராங்க் அதைத்தான் கீழே தள்ளுகிறது. மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, எது உடைந்தால் எல்லாம் போகுமோ அதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதுதான் என்னை அசத்துகிறது.

ஃபவுண்டரியில் இருக்கும் உங்களுக்கு அடுத்த விஷயம் என்னைவிட நன்றாகப் புரியும். வார்ப்பு ஆறும்போது தடித்த இடம் ஒரு வேகத்திலும் மெல்லிய இடம் ஒரு வேகத்திலும் ஆறும். அந்த இழுபறி இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். புது பிளாக்கை எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும், சூடேறி வேலை செய்யத் தொடங்கியதும் இம்மி அளவு கோணிக்கொள்ளும். ஓடி ஓடி, ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறிய பிளாக்கில் அந்த இழுபறி தளர்ந்திருக்கும். அதனால் ரோஷ் குழு, சாதாரணக் கார்களில் நெடுந்தூரம் ஓடிய பிளாக்குகளைப் பந்தய எஞ்சினுக்குத் தேடி எடுத்தது. யாரோ ஒருவர் வீட்டுச் சாமான் வாங்கப் போய்வந்த காரின் இரும்பு, மொனாக்கோவில் ஓடியது!

அது எளிதாக நடக்கவில்லை. 1982 ஜூனில் டெட்ராய்டில், நடப்புச் சாம்பியனான நெல்சன் பிக்கே இந்த எஞ்சினோடு பந்தயத்துக்குத் தகுதியே பெறவில்லை. அடுத்த வாரம் மான்ட்ரியலில் அதே எஞ்சினோடு ஜெயித்தார். 1983-ல் கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில். ஃபார்முலா 1-க்கு டர்போவைக் கொண்டுவந்ததே ரெனோ. அந்த ரெனோவின் அலென் ப்ரோஸ்ட் டர்போ பழுதாகி வெளியேற, பிக்கே மூன்றாவதாக வந்து 59-க்கு 57 என்ற புள்ளியில் பட்டம் வாங்கினார். டர்போ எஞ்சினுக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம் அது. 1986-ல் தகுதிச் சுற்றுக்காக அழுத்தத்தை முழுவதும் திறந்துவிட்டபோது எவ்வளவு சக்தி வந்தது என்பதை அளக்கவே முடியவில்லை. சோதனை மேடை 1280 குதிரைத்திறன் வரைதான் காட்டும், முள் அதையும் தாண்டிப் போனது. 1.5 லிட்டரிலிருந்து! அந்த வருடம் மெக்ஸிகோவில் கெர்ஹார்ட் பெர்கர் ஜெயித்ததோடு இதன் வெற்றிகள் ஒன்பது. ஃபால்கன்ஹவுசன் மேலிடத்தோடு வாதாடிப் பெற்ற அதே 1.5 லிட்டர்.

எம்10 வழி எஞ்சின்களுக்கு ஒரு குறையும் உண்டு. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும், எடை சமம்தானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியை வேகமாகவும் கீழ்ப் பாதியை மெதுவாகவும் கடக்கிறது. அதனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றையொன்று முழுவதும் ஈடுகட்டுவதில்லை. சுற்றுக்கு இரண்டு முறை ஓர் உதறல் மிஞ்சும். எஞ்சின் பெரிதாக ஆக அது கையில் தெரியும். 2.3 லிட்டர் எம்3-ல் அது நன்றாகவே தெரியும். இதற்கு மருந்தாக, இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளை மிட்சுபிஷி தன் எஞ்சின்களில் வைத்தது. போர்ஷே தன் 2.5 லிட்டர் 944-க்காக அதன் காப்புரிமைக்குப் பணம் கட்டி வாங்கிக்கொண்டது. மென்மை மட்டுமே அளவுகோல் என்றால் என் பட்டியலே மாறிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் திருத்திக்கொள்கிறேன். ஃபியட்டுக்காக அவுரேலியோ லாம்ப்ரெடி வரைந்த இரட்டைக் கேம் எஞ்சினை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அது தவறு. 1966-ல் 124 ஸ்போர்ட் காரில் வந்த அந்த எஞ்சினின் வாரிசுகள் ஃபியட் 131, லான்சியா 037, லான்சியா டெல்டா என்று மொத்தம் பத்து முறை உலக ராலி உற்பத்தியாளர் பட்டத்தை ஜெயித்தன. அதில் டெல்டா மட்டும் 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு. ஃபெராரிக்கு பன்னிரண்டு சிலிண்டர் வரைந்த கை, பிறகு சம்பளக்காரர்கள் வாங்கும் காருக்கு இப்படி ஒன்றை வரைந்திருக்கிறது. இன்று எழுதினால் அதற்கு இரண்டாம் இடம், எஃப்20சிக்கு மூன்றாவது.

உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் 1248 சிசி டீசலும் ஃபியட் தந்ததுதான். 2003-ல் வந்தது. பழைய டீசல்கள் ஒரே மூச்சில் எரிபொருளைக் கொட்டி தடதடத்தன. இது ஒரு சுழற்சிக்குள் ஐந்து முறை வரை பிரித்துப் பிரித்துப் பீய்ச்சியது. சத்தமும் குறைந்தது, செலவும் குறைந்தது. மாருதி, டாடா, ஃபியட், ஷெவர்லே என்று ஒன்றோடொன்று மோதிய கம்பெனிகள் எல்லாம் இதையே வாங்கிப் போட்டதால் இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே பெயர் வந்தது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதி வரும்போது மாருதி அதை நிறுத்தியது. தினசரி வண்டி ஓட்டி வீட்டை நடத்தியவர் அதைச் சிறந்தது என்றால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். அவர் அளவுகோல் வேறு, அதில் அவர் சொல்வது சரி.

கடைசியாக உங்கள் சிட்டி. இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்து, எண்ணெயும் குறையாமல் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். வால்வு இடைவெளியைச் சரிசெய்து, வீடெக் சாலினாய்டின் (அந்த ஊசிக்கு எண்ணெய் விடும் மின்வால்வின்) வடிகட்டியைச் சுத்தம் செய்தால் போதும். அது அடைத்திருந்தால் மேல் சுற்றில் அந்த இரண்டாவது மூச்சு வராது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். கழற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது.

அன்புடன்.