சினைப் பன்றிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடலாம்?

கேட்டவர் இரண்டு பன்றி வைத்திருக்கிறார். இரண்டும் சினை, அதில் ஒன்றுக்கு இதுதான் முதல் ஈற்று. நிறையத் தீனி போட்டால் நிறையக் குட்டி கிடைக்குமா, சாப்பாட்டுக் கடை மிச்சத்தைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) பன்றிப் பண்ணையில் 16 வருஷம் வேலை செய்தவன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்துக்குப் பின்னால் அம்மா இரண்டு பன்றி வளர்த்தார். கங்குங் கீரையையும் சேம்புத் தண்டையும் நறுக்கி, தவிட்டோடு தகரத்தில் வேகவைத்து ஊற்றுவார். சினை என்று தெரிந்துவிட்டால் போதும், "பாவம், வயித்துப் பிள்ளக்காரி" என்று இன்னொரு வாளி போகும். பண்ணையில் சேர்ந்தபோது என் எண்ணமும் அதுதான்.

அது தப்பு. சினையில் அளவாகப் போடவேண்டும், அள்ளிப் போடவேண்டியது குட்டி போட்ட பிறகு. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

காது கிழிந்த பெட்டை ஒன்று எனக்குச் செல்லம். தவுக்கே அந்தப் பக்கம் போனதும் அதற்கு மட்டும் ஒரு மைலோ டின் தீனி கூடுதலாக விழும். நாள் நெருங்கியபோது முதுகு பாய் விரித்த மாதிரி அகலமாகிவிட்டது. விடியற்காலையில் ஆரம்பித்த ஈற்று மதியம்வரை இழுத்தது. 11 குட்டியில் 3 செத்துப் பிறந்தன. அடுத்த வாரம் இன்னும் மோசம். தொட்டியை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், தின்னாது. பால் குறைந்தது. பசியில் குட்டிகள் தாயை விட்டு நகராமல் மடியிலேயே கிடந்தன, அது புரண்டு படுத்ததில் இரண்டு நசுங்கின. தவுக்கே திட்டவில்லை. அதன் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கைதான் அளவுகோல். பின்னால் நின்று இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். அழுத்தாமலே எலும்பு தெரிந்தால் மெலிவு. லேசாக அழுத்தினால் தட்டுப்பட்டால் சரி. நன்றாக அழுத்தியும் கிடைக்கவில்லை என்றால் கொழுப்பு. கண்ணை மட்டும் நம்பாதீர்கள், சினை வயிறு ஏமாற்றும்.

சினைக் காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். உடம்பு சரியாக இருக்கும் பெட்டைக்கு இதில் பெரும்பகுதிக்கு நாளைக்கு 2 முதல் 2.5 கிலோ போதும். மெலிந்ததைத் தேற்றவேண்டும் என்றால் 90 நாளுக்குள் தேற்றிவிடுங்கள். எத்தனை குட்டி என்பது ஆண் பன்றியோடு சேர்த்த முதல் மாதத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் எவ்வளவு கொட்டினாலும் எண்ணிக்கை கூடாது. குட்டிகள் எடை போடுவது கடைசி மூன்று நாலு வாரத்தில்தான், மடி திரள்வதும் அப்போதுதான். அந்தச் சமயத்தில் அரை கிலோ கூட்டுவோம், அதற்கு மேல் இல்லை.

டின் கணக்கு வைப்பவர்கள் ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். அதே டின்னில் உருண்டைத் தீனி ஒரு எடை, தவிடு கலந்த மாவு வேறு எடை. தீனி மாறினால் டின் கணக்கும் மாறும்.

எதைப் போடுவது? சினைத் தீனிக்குப் புரதம் 13, 14 சதவீதம் இருந்தால் போதும். பால் கொடுக்கும்போது 17, 18 வேண்டும். இங்கே சோளமும் சோயாப் புண்ணாக்கும் இறக்குமதி, விலை கடிக்கும். அதனால் செம்பனைப் புண்ணாக்கும் தவிடும் சேர்ப்போம். நார் அதிகம், அதுவே சினைப் பன்றிக்கு நல்லது. வயிறு நிறைந்த உணர்வில் கம்பியைக் கடிக்காமல் படுத்திருக்கும், மலமும் இறுகாது. ஆனால் செம்பனைப் புண்ணாக்கில் ஓட்டுத் துண்டு கிடக்கும், சல்லடையில் போட்டுப் பாருங்கள். நான் கால் பங்குக்கு மேல் கலந்ததில்லை. பூசணம் பிடித்த சோளத்தை மட்டும் சினைக்குப் போடவே கூடாது. அதில் உண்டாகும் நஞ்சு பருவத்துக்கு வந்ததுபோலப் பிறப்புறுப்பை வீங்கவைக்கும், சினையையும் கெடுக்கும். நம் ஊர் ஈரத்தில் மூட்டையைத் தரையில் வைத்தால் ஒரு வாரம் போதும்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சினைக்கு நாளைக்கு 12 முதல் 20 லிட்டர், பால் கொடுக்கும்போது 30க்கு மேலும் போகும். தகரக் கூரைக்குக் கீழே ஓடும் குழாயில் மத்தியானம் தண்ணீர் சுடும், அதைக் குடிக்காது. தண்ணீர் குடிக்காத பன்றி தீனியும் தின்னாது. பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் முலைக்குழாயை அழுத்தி ஒரு லிட்டர் போத்தலைப் பிடியுங்கள், அரை நிமிஷத்தில் நிரம்பவேண்டும்.

ஈனும் நாளில் பட்டினி போடுவது பழைய வழக்கம். வயிறு வெகுநேரம் காலியாக இருந்தால் முக்கத் தெம்பிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை கொடுங்கள். ஈன்ற பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் 6 கிலோ தாண்டவிடுங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

கடை மிச்சம் வேண்டவே வேண்டாம். உப்பு ஒரு பக்கம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னொரு பக்கம். மிச்சத்தில் கிடக்கும் ஒரு துண்டுப் பன்றி இறைச்சி போதும். 2021 பிப்ரவரியில் சபாவில் வந்தது, 2023 தொடக்கத்தில் பினாங்குக்கும் வந்துவிட்டது. வந்தால் மருந்து கிடையாது, கொட்டில் காலி. மரத்தடியில் விழுந்த பழமும் அப்படித்தான். 1998-99இல் இங்கே நிப்பா வைரஸ் நோய் வந்தபோது வவ்வால் கடித்துப் போட்ட பழத்திலிருந்துதான் பன்றிக்குப் போயிருக்கவேண்டும் என்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். எங்கள் தவுக்கே கொட்டிலோரம் இருந்த மாமரத்தை வெட்டியது அந்த வருஷம்தான்.

கடைசியாக, அந்த முதல் ஈற்றுக்காரி. அது இன்னும் வளர்கிற பிள்ளை, தன் உடம்புக்கும் தேவை இருக்கிறது. ஆனால் உடம்பு சின்னது என்பதால் மொத்த அளவு மற்றதைவிடக் கூட வேண்டியதில்லை, தீனியின் தரம்தான் கூடவேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தால் பெரியது அதைத் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். ஒரு பலகையாவது குறுக்கே அடித்துப் பிரித்துப் போடுங்கள்.