கேள்வி – பதில்: மார்க்யூ ஓடிய காலமும் இப்போதும்

கேள்வி: 2001-ல் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். படித்தேன் அண்ணே. தம்பியின் பலகாரக் கடைக்கு நோட்பேடிலேயே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது அதைப் புதுப்பித்துத் தரச்சொல்லித் தம்பி நச்சரிக்கிறான். போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது. தமிழ் வெறும் கிறுக்கலாக வருகிறது. படித்தது வீண்தானா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வீணெல்லாம் இல்லை, ஆச்சி. அதே காலத்தில் நானும் காரைக்குடியில் ஒரு மாடியில் இதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு ஃபாண்ட் டேக், நடுவில் நிறுத்த சென்டர் டேக், கடைசி வகுப்பில் எழுத்தைத் திரையில் ஓடவிடும் மார்க்யூ. 'நல்வரவு' ஓடாத பக்கத்தைப் பக்கம் என்றே மதிக்க மாட்டோம். இந்த மூன்று டேக்குகளையும் இன்றைய எச்.டி.எம்.எல். தரவிதி ஒதுக்கிவைத்துவிட்டது. தலைப்பு, பத்தி, இணைப்பு, படம் எல்லாம் அன்று படித்தபடியேதான். நாம் படித்தது 1999-ல் வந்த எச்.டி.எம்.எல். 4.01. 2014-ல் எச்.டி.எம்.எல்.5 அதிகாரபூர்வத் தரவிதி ஆனது. இப்போது பதிப்பு எண்ணே கிடையாது, திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் எறும்பு. ஹெட் பகுதியில் வியூபோர்ட் என்று ஒரு மெட்டா வரி எழுதி, அகலத்துக்கு டிவைஸ்-விட்த் என்று கொடுங்கள். அது இல்லையென்றால் போன் உங்கள் பக்கத்தைப் பெரிய திரைக்கானது என்று எடுத்துக்கொள்ளும். ஐபோன் 980 பிக்சலுக்கு விரித்து, பிறகு சுருக்கிக் காட்டும்.

கிறுக்கலுக்கு, எழுத்துகள் எந்தக் குறியீட்டில் இருக்கின்றன என்று சொல்லும் யூ.டி.எஃப்-8 வரி மட்டும் போட்டால் போதாது. அன்றைய தமிழ் ஃபாண்ட் ஒன்றில் நீங்கள் 'தேன்குழல்' என்று அடித்திருந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது வேற்று எழுத்தும் குறியும்தான். அந்த ஃபாண்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. நாலு பக்கம்தானே, திரும்ப அடித்துவிடுங்கள். விலையை எப்படியும் மாற்றத்தானே வேண்டும்!

சரி, டேபிளுக்கு வருவோம். மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று படங்களை டேபிளுக்குள் டேபிள் வைத்து அடுக்கியிருப்பீர்கள். அதைக் கலைத்துவிட்டு, யு.எல். என்ற பட்டியல் ஒன்று போட்டு, பலகாரத்துக்கு ஒரு எல்.ஐ. (பட்டியலின் உருப்படி) வையுங்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.ஸில் அந்த யு.எல்.லுக்கு டிஸ்ப்ளே கிரிட் (கட்டங்களாக அடுக்கு), கேப் (இடைவெளி) 10 பிக்சல். கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸில் ரிப்பீட், அதற்குள் ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் 150 பிக்சல், 1 எஃப்.ஆர். கட்டம் ஒவ்வொன்றும் குறைந்தது 150 பிக்சல், மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிடு என்று பொருள். 360 பிக்சல் அகலப் போனில் இரண்டிரண்டாக நிற்கும், 1000 பிக்சலில் ஆறாறாக விரியும். நீங்கள் எதையும் எண்ண வேண்டாம். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது.

ஒன்று மட்டும்: யு.எல்.லுக்கு இடப்பக்கம் தானாக 40 பிக்சல் பேடிங் உண்டு. அதைச் சைபராக்குங்கள். நான் மறந்துபோய், போனில் எல்லாம் ஒற்றை வரிசையாக வர, அரை நாள் முழித்தேன். 360-ல் அந்த 40-உம், பக்கத்தின் இரு ஓரமும் தானாக விடும் எட்டெட்டும் போக மிச்ச அகலம் 304. இரண்டு கட்டமும் ஒரு இடைவெளியும் சேர்த்து எனக்கு வேண்டியது 310!

அரைக் கிலோ, ஒரு கிலோ விலைப்பட்டியலை டேபிளிலேயே விடுங்கள். டேபிள் அதற்குத்தான்.

ஃபாண்ட் டேக்கில் கொடுத்த வண்ணம் ஆத்தங்குடிக் கல் மாதிரி. கண்ணாடிமேல் அச்சை வைத்து ஊற்றிய சாயம் கல்லோடு இறுகிவிடும், மாற்ற வேண்டுமென்றால் தரையைப் பெயர்க்க வேண்டும். வண்ணத்தை சி.எஸ்.எஸ். ஃபைலில் ஒரே இடத்தில், பெயர் வைத்த வேரியபிளாக வையுங்கள். தீபாவளிக்குச் சிவப்பு, பொங்கலுக்குப் பச்சை என்று தம்பி கேட்டால் ஒரு வரி மாற்றினால் போதும். கேட்பார்.

அப்புறம், எல்லாவற்றையும் டிவ் என்ற பெயரில்லாப் பெட்டி ஆக்காமல் ஹெடர், நாவ், மெயின், ஃபுட்டர் என்று அதனதன் பெயரில் எழுதுங்கள். திரையை வாசித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடரில் பார்வையற்றவர் நேரே பலகாரத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: பழைய சி.எஸ்.எஸ். புத்தகத்தில், படத்தையோ பெட்டியையோ ஓரமாக ஒதுக்கும் ஃப்ளோட் பற்றியே முப்பது பக்கம் இருக்கிறது. படிக்க வேண்டுமா?
– ஒரு மாணவர், பள்ளத்தூர்

பதில்: படத்தைச் சுற்றிப் பத்தியை ஓடவிட மட்டும் ஃப்ளோட் போதும் தம்பி. அதற்கு ஒரு பக்கம் படித்தால் தாராளம்.