புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு: இன்ஜினைக் கையால் சுற்றுவது பற்றிக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து வொர்க்‌ஷாப்பில்தான் நான் வேலை பழகினேன். அப்போது ரப்பர், இப்போது அந்த நிலம் முழுக்கச் செம்பனை. பிறகு டவுனில் சொந்தப் பட்டறை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பியின் பழைய கொரோலா கேஈ70க்கு டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி) சரி செய்தேன். நான் இன்ஜினைக் கையால் சுற்றுவதைச் சுற்றி நின்றவர்கள் ஏதோ மந்திரம் போல் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி வந்தது, வாட்ஸாப்பிலும் தொடர்ந்தது. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அங்கள், சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டரே சுற்றிவிடுமே. எதற்குக் கையால்? (காடிக்குச் சொந்தக்காரத் தம்பி)

ஸ்டார்ட்டர் நீ சொன்ன இடத்தில் நிற்காது தம்பி. டேப்பட் இடைவெளி பார்க்க, டைமிங் பெல்ட் மாற்ற, டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது) திரும்பப் பொருத்த, எல்லாவற்றுக்கும் பிஸ்டன் குறிப்பிட்ட இடத்தில் நின்றாக வேண்டும். நூலிழை தள்ளிப் போனாலும் கணக்குத் தப்பிவிடும். இன்னொன்று, உள்ளே ஏதாவது இடித்தால் கைக்கு உடனே தெரியும். ஸ்டார்ட்டருக்குத் தெரியாது, அது உடைத்துக்கொண்டு போகும்.

எந்த போல்ட்? எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? (டீசல் ஹைலக்ஸ் வைத்திருக்கும் கங்காணி)

கிராங்க் புல்லியின் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டின் முனையில் இருக்கும் பெல்ட் சக்கரம்) நடு போல்ட், ஐயா. பெரும்பாலும் 17 அல்லது 19 சாக்கெட் பிடிக்கும், நீளமான ராச்செட் போடுங்கள். மைவி, சாகா மாதிரிக் குறுக்கே இன்ஜின் வைத்த காடிகளில் பெல்ட் இருக்கும் பக்கத்து முன் டயரைக் கழற்றினால் கைக்கு எட்டும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போல்ட்டைப் பிடித்துச் சுற்றாதீர்கள், பாரம் முழுவதும் பெல்ட்டில் விழும்.

புல்லியை நேராகப் பார்த்து நின்றால் பெரும்பாலான இன்ஜின் கடிகார முள் போகும் பக்கம்தான் சுற்றும். பழைய ஹோண்டா பி, டி சீரிஸ் இன்ஜின்கள் அதற்கு எதிர். கடிகாரப் பக்கம் சுற்றும் இன்ஜினைத் தெரியாமல் எதிர்ப்பக்கம் திருப்பினால் புல்லி போல்ட் கழன்று கையோடு வரலாம், இன்ஜின் அசையாது. கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். பெல்ட்டோ செயினோ தளர்ந்த பக்கம் மாறி, குறி பொய் சொல்லும். சுற்றும் பக்கத்திலேயே போய், அடுத்த முறை அதே இடத்துக்கு வரும்போது நிறுத்துங்கள்.

தொடங்குவதற்கு முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சாவி ஆனில் இருந்தால், பாயிண்ட் வைத்த பழைய காடியில் கையால் சுற்றும்போதே தீப்பொறி விழுந்து உதைத்துவிடும். டீசலில் குளோ பிளக்கையும் (ஸ்டார்ட் பண்ணச் சூடேற்றும் பிளக்) கழற்றுங்கள். பெட்ரோலில் காற்று 9, 10 மடங்குதான் அமுங்கும், டீசலில் அதைவிட ரொம்ப அதிகம், பழைய டீசலில் 20க்கு மேல்கூட. கழற்றாமல் சுற்றினால் மறுநாள் தோள் வலிக்கும்.

அங்கள், என்னிடம் பெரிய சாக்கெட் இல்லை. என்னுடைய கஞ்சில் காடி ஆட்டோ கியர். டயரைச் சுற்றினால் இன்ஜின் சுற்றும் என்கிறார்களே? (தாமானில் இருக்கும் ஒரு தங்கச்சி)

மேனுவல் கியரில் மட்டும்தான் தங்கச்சி. ஐந்தாம் கியரில் போட்டு, முன் டயர் ஒன்றைத் தூக்கிக் கையால் சுற்றினால் இன்ஜின் மெதுவாகத் திரும்பும். ஆட்டோவில் டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்துவது) நடுவில் இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது அது எதையும் பிடிக்காது. சாக்கெட் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்வதுதான் வழி.

டேப்பட் எப்படிப் பார்த்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள் அங்கள். அடுத்த முறை நானே செய்யப் போகிறேன். (மறுபடி கேஈ70 தம்பி)

நல்லது, செய். உன்னுடையது 4கே இன்ஜின். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-3-4-2. இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கிராங்க் இரண்டு சுற்றுப் போனால்தான் கேம் ஒரு சுற்றுப் போகும். அதனால் முதல் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை காற்றை அமுக்கிக்கொண்டு, இரண்டு வால்வும் மூடி. இன்னொரு தடவை புகையைத் தள்ளி முடித்து, இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்து. நமக்கு வேண்டியது முதலாவது. புல்லியில் இருக்கும் வெட்டு, கவரில் இருக்கும் பூஜ்ஜியக் கோட்டுக்கு வந்ததும் அவசரப்படாதே. அந்தக் கோடு இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் காட்டும். நாலாம் சிலிண்டரைப் பார். அங்கே ஒரு ராக்கர் இறங்க, மற்றது ஏறத் தொடங்கினால் (நாங்கள் "ஆடுகிறது" என்போம்) முதல் சிலிண்டர் அமுக்கத்தில் நிற்கிறது.

நாலு ஆடினால் ஒன்றைப் பார்க்கலாம். புல்லியை அரைச் சுற்றுத் திருப்பு, இரண்டு ஆடும், மூன்றைப் பார். இன்னும் அரைச் சுற்று, ஒன்று ஆடும், நாலைப் பார். கடைசி அரைச் சுற்றில் மூன்று ஆடும், இரண்டைப் பார். 1-4, 2-3 இரண்டு ஜோடி, அவ்வளவுதான்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக்குக்கு 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.30. பீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வெண்ணெயில் கத்தி போவது போலப் போகக் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி தகட்டை விட்டுப் பார், இறுக்கும்போதுதான் இடைவெளி மாறிப்போகும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதை மறந்து மூன்று தடவை மூடியைத் திறந்திருக்கிறேன். பெரிய மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, கோப்பி குடித்துக்கொண்டே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இன்னொரு எச்சரிக்கை. 4கே ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்து வரலாம். அதனால் சூட்டில் டேப்பட் பார்க்கும்போது பிளக்கை அப்படியே விட்டு, மெதுவாகச் சுற்று. சின்ன இன்ஜின், கைக்கு அடங்கும். மற்ற வேலைக்கு ஆறின பிறகு கழற்று.

பெல்ட் மாற்றிய மறுநாளே வால்வு வளைந்துவிட்டது. போன இடத்தில் சுற்றிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. (பழைய சாகா வைத்திருப்பவர்)

எந்தப் பட்டறை என்று நானும் கேட்கவில்லை. ஆனால் பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்ப ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்த்திருந்தால் ஒரு பல் தள்ளிப் போயிருப்பது அப்போதே தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. பாதியில் கட்டையாக நின்றால் பலம் போடாமல் நிறுத்த வேண்டும். அங்கே வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன.

வெள்ளத்தில் போன காடியைச் சாவி போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் தள்ளினால் கனெக்டிங் ராட் வளையும். பேட்டரியைக் கழற்று, பிளக் எல்லாவற்றையும் எடு, கையால் மெதுவாகச் சுற்று. தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிளக் ஓட்டை வழியே பீய்ச்சி அடிக்கும், முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு நிற்காதே. தண்ணீர் நின்ற பிறகும் ஆயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், அதை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதே.

அப்பாவின் காடி நாலைந்து வருடமாக மாமரத்தடியில் நிற்கிறது. இன்ஜின் இறுகியிருந்தால் ராச்செட் பிடியில் நீளப் பைப்பு மாட்டி இழு என்கிறான் கலாசாலையில் என்னோடு படித்தவன். (ஈப்போவில் வேலை செய்யும் ஒருவர்)

நண்பனை அன்பாக அனுப்பி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில், ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) மாதிரி, ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு சாதாரண ராச்செட்டில் முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு ஆட்டிப் பாருங்கள். இங்கே மட்டும் பின்னால் ஆட்டலாம். அசைந்தால் இன்னும் ஆயில், இன்னும் ஒரு நாள். பிஸ்டனின் மோதிரம் (ரிங்) துருவில் ஒட்டியிருந்தால் பொறுமையில்தான் விடும். பைப்பு மாட்டி இழுத்தால் புல்லி போல்ட்டின் தலை முறியும், அப்புறம் அதை எடுப்பதே தனி வேலை.

பழைய லேண்ட் ரோவரில் கம்பி மாட்டிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார்களே, அதுவும் இதுதானா? (பென்ஷன் வாங்கிய கிராணி ஐயா)

சுற்றுவது ஒன்றுதான், ஐயா, ஆபத்து வேறு. அங்கே தீப்பொறி இருக்கும், கம்பி திருப்பி உதைக்கும். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழே இருந்து மேலே இழுக்க வேண்டும். உதைத்தால் கை தானே விடுபடும். அழுத்தித் தள்ளினால் மணிக்கட்டு போகும். 1912இல் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததே இந்த உடைந்த கைகளால்தான். தோட்டத்து ஜெனரேட்டரில் லிஸ்டர் இன்ஜின் சுற்றினவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டால் அமுக்கம் இருக்காது. வேகம் ஏறியதும் லீவரை விட வேண்டும், அப்போது கையை எடுக்க மறக்கக் கூடாது.

கையால் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கிறது. பயப்பட வேண்டுமா?

பிளக் உள்ளே இருக்கும்போது கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் மோதிரம். கொஞ்சம் காற்றுக் கசிவது சகஜம். நாலு சிலிண்டரில் மூன்று கனமாகவும் ஒன்று மட்டும் சும்மா லேசாகவும் திரும்பினால், அந்தச் சிலிண்டரின் டேப்பட்டை முதலில் பார், ரொம்ப இறுக்கமாக வைத்திருப்பாய்.