வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம், வாத்தியாரே!

கேள்வி: எங்கள் கூத்து ஜமாவுக்கு நான்தான் வாத்தியார். மொத்தம் 12 பேர். தை பிறந்தால் ஆடி முடியும்வரை கூத்து இருக்கும், அதன்பிறகு வேலை குறைவு. பக்கத்து ஊரில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் ஓர் அறக்கட்டளை, அங்கே வரும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கூத்து சொல்லித்தரச் சொல்லிக் கேட்கிறது. "மானியம் வாங்கிச் செய்யலாம், உங்கள் லெட்டர் பேடில் இரண்டு தாள் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். எங்கள் ஜமா பதிவு செய்யப்பட்டதல்ல. யார் விண்ணப்பிப்பது? பணம் யார் கைக்கு வரும்? கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிவைத்த என் நோட்டுகளையும் ஸ்கேன் செய்யக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(செய்யாறு வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஐயா, முதலில் அந்த வெற்றுத்தாளைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். கேட்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். கடைசித் தேதி நெருங்கும்போது கலைஞரின் ஒப்புதல் கடிதத்தைத் தேடி அலையக் கூடாது என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனாலும் வெற்றுத்தாளில் பிறகு என்ன எழுதப்படும் என்பது உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக ஒப்புதல் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எத்தனை ஞாயிறு, எத்தனை மணி நேரம், உங்களோடு யார் யார் வருவார்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன சம்பளம் என்று நான்கு வரி போதும். கையெழுத்து அதன் கீழே வரட்டும்.

கோயில் கூத்துக்கு ஊர்க்காரர்கள் உங்களிடம் எப்படி வருகிறார்கள்? வெற்றிலை பாக்கு வைத்து, என்ன கதை, எந்த நாள், எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்து அச்சாரம் கொடுத்துவிட்டுத்தானே போகிறார்கள்? பேச்சு முடியாமல் நீங்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றமாட்டீர்கள். மானிய வேலையிலும் அப்படியே செய்யுங்கள். விண்ணப்பம் போவதற்கு முன்னாலேயே உங்களுக்கும் அறக்கட்டளைக்கும் நடுவில் ஒரு பக்க உடன்படிக்கை தமிழில் எழுதப்பட வேண்டும். மானியம் கிடைத்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில்தான் நான் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

யார் விண்ணப்பிப்பது என்பது எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் கலை நிகழ்ச்சிகள், பயிலரங்குகள், புதிய தயாரிப்புகளுக்கென்று ஒரு மானியம் இருக்கிறது. சாதாரணமாக 5 லட்சம் ரூபாய்வரை கொடுப்பார்கள். பதிவு பெற்று மூன்றாண்டு ஆன அமைப்புதான் கேட்க முடியும். அதன் பெயர் தொண்டு அமைப்புகளுக்கான அரசின் 'என்ஜிஓ தர்ப்பண்' தளத்திலும் இருக்க வேண்டும். ஆகவே இங்கே விண்ணப்பதாரர் அறக்கட்டளைதான். நீங்கள் அதில் கலைஞர். அதே அமைச்சகத்தில் குரு சிஷ்ய முறைப்படி இயங்கும் குழுக்களுக்கு இன்னொரு உதவியும் உண்டு. குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. அது பயிலரங்குக்கானதல்ல, ஒரு குழு ஆண்டு முழுக்க நடப்பதற்கானது. உங்கள் ஜமா என்றாவது பதிவு பெற்றால் அதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கதவு பெங்களூரில் இருக்கும் 'இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்'. 1993இல் தொடங்கி 1995 முதல் மானியம் கொடுத்துவரும் தனியார் அமைப்பு. இங்கே கலைஞர் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதி அனுப்பலாம். இதைச் சொன்னால் கலைஞர்கள் பலரும் நம்புவதில்லை. "ஆங்கிலம் தெரிந்த தம்பி ஒருவர் எழுதித் தந்தால்தான் நடக்கும்" என்றே இருந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் தேடுவது வழக்கமாக நடப்பதன் தொடர்ச்சியை அல்ல. ஒரு கேள்வியோடு வருகிறவர்களைத் தேடுகிறார்கள். 'பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித்தருகிறேன்' என்றால் நிற்காது. 'பெண்பிள்ளைகள் வேஷம் கட்டும்போது சுருதியையும் விருத்தத்தையும் எப்படி மாற்ற வேண்டியிருக்கிறது, அதை முகவீணை ஊதுபவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஓராண்டு செய்துபார்க்கப் போகிறேன்' என்றால் நிற்கும். உங்கள் படிப்பகத்தில் பெண்பிள்ளைகளும் இருப்பார்கள். யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கதவுதான் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகள். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்று சொல்கிறார்களே, அதுதான். எந்தெந்தப் பணிகள் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளின் வளர்ச்சி என்று தனியாகவே எழுதியிருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே உள்ளது. ஆக, உங்கள் ஊர்ப் பெயரே உங்களுக்கு ஒரு தகுதி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ராத்திரிக் கூத்துக்குக் காசு கேட்காதீர்கள். ஒருநாள் நிகழ்ச்சிக்குக் கொடுப்பதும், பேனரில் கம்பெனி பெயர் வரும் என்பதற்காகக் கொடுப்பதும் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. ஐந்து மாதப் பயிற்சி, அதில் இத்தனை பிள்ளைகள், அதன் முடிவில் அரங்கேற்றம் என்றால் அது திட்டம். அறக்கட்டளைக்கும் சில பதிவுகள் தேவை: 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிப் பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு வாங்கிய எண், மூன்றாண்டு வேலை செய்த அனுபவம். 2021 ஏப்ரலுக்குப் பிறகு அந்த எண் இல்லாத அமைப்புக்குக் கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணத்தைக் கொடுக்க முடியாது. "இவையெல்லாம் இருக்கின்றனவா, ஒரு நகல் காட்டுங்கள்" என்று கேட்பதில் தப்பே இல்லை. முறையாக நடக்கும் அமைப்பு கோபித்துக்கொள்ளாது.

இயல் இசை நாடக மன்றமும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் தருவது பெரும்பாலும் தனிக் கலைஞர்களுக்கான உதவிகள். கூட்டுத் திட்டத்துக்கு அவை தோதல்ல. ஆனால் ஜமாவில் 12 பேருக்கும் வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு அது கையில் இருக்கும் சான்று.

இனி பட்ஜெட். நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆறு மாதப் பயிலரங்கு. ஃபிளெக்ஸ் பேனர், ஜெராக்ஸ், சாமியானா, ஒலிபெருக்கி, ஒருங்கிணைப்பாளர் சம்பளம், அலுவலக வாடகை என்று ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கடைசி வரியில் 'கலைஞர் கௌரவத் தொகை: 5,000' என்று இருந்தது. ஆறு மாதத்துக்கு, நான்கு கலைஞர்களுக்கு. எழுதியவர் கெட்டவர் இல்லை. கலைஞர் மனதாரச் செய்வார், ஒரு சால்வை போட்டால் போதும் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைதான் என்னை உறுத்தியது. டீக்குப் போட்ட தொகை அதைவிட அதிகம்.

எனவே கலைஞர் சம்பளம் பட்ஜெட்டின் முதல் வரியில் வரட்டும். உங்கள் திட்டத்துக்கு நான் போட்டுப்பார்த்த கணக்கு இது, உங்கள் பகுதி நிலவரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆவணி முதல் மார்கழி வரை, தீபாவளியும் மழையும் போக 20 ஞாயிறு. வாத்தியாருக்கு 1,500, ஆர்மோனியம், மிருதங்கம் இருவருக்கும் தலா 1,000. ஒரு ஞாயிறுக்கு 3,500, இருபதுக்கு 70,000. அரங்கேற்றத்துக்கு முன் ஆறு நாள் முழு ஜமாவோடு ஒத்திகை, ஆளுக்கு 800 வீதம் 57,600. அரங்கேற்ற ராத்திரி ஆளுக்கு 1,500 வீதம் 18,000. கூட்டினால் 1,45,600. பலரும் ஒத்திகையை விட்டுவிட்டு ஆடுகிற ராத்திரிக்கு மட்டும் பணம் போடுகிறார்கள். உழைப்பில் பெரும்பகுதி ஒத்திகையில்தான் போகிறது என்பது ஆடிப் பார்த்தவருக்குத் தெரியும்.

காலமும் முக்கியம். அறக்கட்டளைக்காரர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்துச் சித்திரை, வைகாசி என்பார்கள். அப்போது உங்களுக்குத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. 'சீசனில் வர இயலாது' என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

வேஷத்துக்குக் கட்டும் மர அணிகளான கட்டைகளையும் மறக்க வேண்டாம். பெரியவர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பத்து வயதுப் பிள்ளைக்குக் கட்டினால், கல்யாண முருங்கை மரம் இலேசுதான் என்றாலும், கழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிடும். அடவு வராது. சின்ன அளவில் நான்கைந்து ஜோடி புதிதாகச் செய்ய வேண்டும். மரம், கண்ணாடிச் சில்லு, செய்பவர் கூலி எல்லாம் பட்ஜெட்டில் வரட்டும். திட்டம் முடிந்தபின் அவை யாருக்கு என்பதையும் இப்போதே எழுதுங்கள். மானியத்தில் வாங்கிய பொருள் கணக்குப்படி அமைப்பின் சொத்தாகிவிடும். ஜமாவின் பொறுப்பில் இருக்கட்டும், பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துத் தரட்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

அறக்கட்டளையின் நிர்வாகச் செலவுக்கும் ஒரு பங்கு நியாயமாகவே உண்டு. கணக்கு எழுதுபவருக்கு, ஆடிட்டருக்கு, மின்கட்டணத்துக்கு யார் கொடுப்பது? அதை மறைக்காமல் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வரியிலிருந்து அது பின்னால் பிடிக்கப்படக் கூடாது, அவ்வளவுதான்.

பணம் ஒரேயடியாக வராது. தவணையாகத்தான் வரும். அரசு மானியத்தில் கடைசித் தவணை, ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போனபிறகுதான் கிடைக்கும். ஜி.எஃப்.ஆர் 12-ஏ படிவம் என்பார்கள். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். மிருதங்கக்காரர் அதுவரை காத்திருக்க முடியுமா? ஆகவே உடன்படிக்கையில் இந்த வரி கட்டாயம் வேண்டும்: 'மானியத் தவணை எப்போது வந்தாலும், கலைஞர் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.' அறக்கட்டளை அதற்குச் சம்மதிக்கத் தயங்கினால், முதல் தவணைக்குள் அடங்குகிற அளவுக்குத் திட்டத்தைச் சுருக்கிவிடுங்கள். கடன் வாங்கி மானிய வேலை செய்யக் கூடாது.

அவரவர் கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மொத்தமும் வாத்தியார் கணக்கில் வந்தால் வருமானம் முழுவதும் உங்கள் தலையில் ஏறும், ஜமாவுக்குள் மனத்தாங்கலும் வரும். 12 பேருக்கும் ஆதாரோடு இணைத்த பான் அட்டை இருக்க வேண்டும். தொகை வரம்பைத் தாண்டி வரி பிடிக்கும்போது பான் இல்லாதவருக்கு 20 சதவீதம் போய்விடும். பான் இருந்தால் குறைவாகப் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத் திரும்பவும் வாங்கலாம்.

அறக்கட்டளைக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. செய்த வேலைக்கு ரசீது வாங்கிக்கொண்டு கலைஞருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு, 'ஜமாவுக்கு ஒரு தொகை' என்று கொடுப்பது வேறு.

இந்தத் திட்டம் நடக்கும்போதே ஜமாவைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடியும். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்தபிறகு உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1990இல் காஞ்சிபுரம் வட்டாரக் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியார் அதில் முன்னின்றவர். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப்பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பதிவும் கணக்கும் கலைஞர்கள் கையிலேயே இருந்ததால் முடிந்த காரியம் அது.

கடைசியாக நோட்டு. உங்கள் அப்பாவோ குருவோ கைப்பட எழுதியதாக இருக்கும், மூலை மடிந்து, எண்ணெய்க் கறை பட்டு. ஸ்கேன் செய்வது நல்லதுதான். ஒரு மழைக்காலத்தில் கரையான் அரித்துவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது? ஆனால் படிப்பகத்துக்கு நோட்டைக் கொடுத்தனுப்பாதீர்கள். ஸ்கேனரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுங்கள். ஒரு பிரதி உங்களுக்குப் பென்டிரைவில் வர வேண்டும். பிள்ளைகளின் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம், அச்சிடவோ இணையத்தில் ஏற்றவோ உங்கள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீடியோவுக்கும் அதேதான். காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை இருக்கிறது, 50 ஆண்டுக்கு. ஆனால் படத்தில் சேர்க்க ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு தடுக்க முடியாது. அந்த வெற்றுத்தாளில் இந்த அனுமதியும் ஒருநாள் எழுதப்பட்டுவிடலாம் என்பதுதான் என் கவலை.