தாத்தா கொடுத்த கண்ணும் பேத்தி போட்ட கிரீமும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் ஒரு கட்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டிலிருந்து கிழித்த ஆறு தாள்கள். நீல மை, கறுப்பு மை, ஒரு பக்கம் பென்சில். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூட்டுக் குடும்பம். போன மாதம் வீட்டுப் பெரியவர் 81 வயதில் மாரடைப்பால் வீட்டிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கண்களைத் தானம் செய்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆளுக்கொரு சந்தேகம் கிளம்பியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பேத்தி அவரவர் கையாலேயே எழுத வைத்து எனக்கு அனுப்பிவிட்டாள். நான் கண் டாக்டர். தோல் சம்பந்தப்பட்ட பதில்களைத் தோல் மருத்துவரான என் தோழியிடம் காட்டிவிட்டே எழுதுகிறேன்.

அப்பா பல வருஷத்துக்கு முன்பே கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்துக் கார்டு வாங்கி வைத்திருந்தார். அன்றைக்கு அந்தக் கார்டைத் தேடி பீரோவைக் கலைத்ததிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கடைசிவரை கிடைக்கவில்லை. கார்டு இல்லாமல் கொடுத்தது செல்லுமா? – மகள்

தாராளமாகச் செல்லும் அம்மா. கார்டு அப்பாவின் விருப்பத்தைச் சொல்லும் காகிதம், அவ்வளவுதான். இறந்த பிறகு கண்ணை எடுக்க வேண்டுமென்றால் நெருங்கிய உறவினர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அம்மா போட்டுவிட்டார்கள். அவர் உறுதிமொழியே எழுதாமல் இருந்திருந்தாலும் நீங்கள் கொடுத்திருக்கலாம். கார்டு பத்திரமாக இருந்து வீட்டில் உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தேடுவது, பெரியப்பாவுக்கு போன் போட்டுக் கேட்பது, சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று யோசிப்பது, எல்லாம் அந்த 6 மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது. அதனால்தான் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே சாப்பாட்டு நேரத்தில் பேசிவிடுங்கள் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் தம்பி ஒருவர் சரியான வேலை செய்திருக்கிறார் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. கண் வங்கிக்கு போன் செய்ததும் கண் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார். இதோடு தலைக்கு ஒரு தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். ஏசி இருந்தால் ஓடட்டும். நான் இளம் டாக்டராக இருந்தபோது மழை ராத்திரியில் ஒரு வீட்டுக்குக் கண் எடுக்கப் போனேன். கூடத்தில் உறவினர்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வீட்டுப் பையன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றிருந்தான், யாரும் விசிறியைப் போட்டுவிடக் கூடாது என்று. காற்றில் கருவிழி காய்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அந்த இரண்டு கருவிழிகளும் பளிங்குபோல இருந்தன.

அப்பாவின் கண்ணை மட்டும் எடுத்தார்கள். கிட்னி, ஈரல் எல்லாம் ஏன் எடுக்கவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். வயதாகிவிட்டதாலா? – மூத்த மகன்

வயது காரணமில்லை. வீட்டில் இதயம் நின்று இறந்தவரிடமிருந்து கருவிழி, தோல் போன்ற திசுக்களை எடுக்கலாம். கிட்னி, ஈரல், இதயம் போன்றவற்றுக்குக் கடைசிவரை ரத்த ஓட்டம் வேண்டும். அதனால் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவரிடமிருந்துதான் அவற்றை எடுக்கிறார்கள்.

மூளைச்சாவும் கோமாவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது, ஆள் திரும்பி வரலாம். மூளைச்சாவில் மூளைத்தண்டே செத்துவிட்டது. இயந்திரம் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. தொட்டுப் பார்க்கும் தாயிடம் “அவன் போய்விட்டான்” என்று சொன்னால் எப்படி நம்புவாள்? அதற்காகத்தான் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் கடுமையாக எழுதப்பட்டிருக்கிறது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உறுப்பை மாற்றிப் பொருத்தும் டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2008ல் திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். இருவருமே டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அதற்கு முன் கேள்விப்படாத வீடுகளில்கூட அன்றைக்கு அதைப் பற்றிப் பேசினார்கள். உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. ஒரு கிராமத்தில் அப்படி மாலை வைக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

எனக்குக் கண் நீர் அழுத்த நோயால் இடது கண் பார்வை போய்விட்டது. அண்ணன் கண்ணை எனக்கே வைத்திருக்கக் கூடாதா? – பெரியவரின் தம்பி

ஐயா, நீங்கள் கேட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்றி வைப்பது முழுக் கண்ணை இல்லை. கருவிழி என்ற முன்பக்கத்து மெல்லிய படலத்தை மட்டும்தான். உங்கள் கருவிழி தெளிவாகவே இருக்கும். கெட்டுப்போனது பின்னால் மூளைக்குப் போகும் நரம்பு. அதை மாற்ற இன்றைக்கு வழி இல்லை. வலது கண்ணுக்குச் சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. உங்கள் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோழி சொன்ன சிவப்பழகு கிரீமை எட்டு மாதமாகப் போடுகிறேன். முதல் மாதம் முகம் பளபளவென்று ஆனது. இப்போது வெயிலில் போனால் எரிகிறது, பரு வருகிறது, கன்னத்தில் முடி முளைக்கிறது. நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது. – பேத்தி

பாப்பா, நீ டியூபின் போட்டோவையும் அனுப்பியதற்கு நன்றி. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது பார்த்தாயா? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. உள்ளே இருப்பது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன். தோல் டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்தை எட்டு மாதம் பூசியிருக்கிறாய். தோல் மெலிந்துவிட்டது. உன் மேல் கோபம் இல்லை. இதை உனக்குச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் மேல்தான் கோபம். இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது.

நிறுத்தியதும் எரிவது எதிர்பார்த்ததுதான். அதைத் தாங்க முடியாமல் திரும்பவும் பூசுகிறோம், மாட்டிக்கொள்கிறோம். நீயாகத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். படிப்படியாக இறக்குவார்கள். சரியாகப் பல மாதங்கள் ஆகலாம், ஆனால் பெரும்பாலும் சரியாகும். அதுவரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், மென்மையான சோப்பு, இவை போதும். எலுமிச்சை, ஆவி பிடிப்பது, ஸ்கிரப், பார்லர் ப்ளீச் எதுவும் கூடாது. இமை மேலும் பூசினேன் என்று எழுதியிருக்கிறாய். ஸ்டீராய்டு கண்ணுக்குள் இறங்கினால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். சின்னத் தாத்தாவின் நோய் உன் குடும்பத்தில் இருக்கும்போது நீ கண் அழுத்தமும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. பெயர் தெரியாத, தயாரித்தவர் முகவரி இல்லாத கிரீம் இதைவிடப் பெரிய ஆபத்து. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் 2023ல் சிறுநீரில் புரதம் போய், உடம்பு வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது, பலரும் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. காரணம் கிரீமில் இருந்த பாதரசம். முகத்தில் பூசியது கிட்னி வரைக்கும் போயிருக்கிறது. தாத்தா நிறத்தை வைத்தா உன்னை மதித்தார்?

கன்னத்தில் மங்கு. போக என்ன பூச வேண்டும்? – மூத்த மருமகள்

மகளின் டியூபைத் தவிர வேறு எதையாவது! முதல் மருந்து வெயிலை மறைப்பதுதான். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மங்குக்கு அதுவும் ஒரு காரணம்.

பையனுக்குக் கழுத்தைச் சுற்றி கருப்பு. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வயது 14, எடை 78 கிலோ. – இளைய மகன்

அந்தக் குழந்தையை இனிமேல் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தாத்தாவுக்குச் சர்க்கரை, உங்களுக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரை. அடுத்து இவன் என்று தோல் முன்கூட்டியே சொல்கிறது. வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். பாட்டில் பானத்தையும் பரோட்டாவையும் குறையுங்கள். எடை இறங்க இறங்கக் கழுத்தும் வெளுக்கும்.

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. விழித்திரைப் பரிசோதனை அவசியமா? – அவரே

அவசியம். வருஷத்துக்கு ஒரு முறை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெடும்போது வலிக்காது, மங்கலும் கடைசியில்தான் தெரியும். தெரியும்போது வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பையனுக்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே நீங்களும் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. தாய்ப்பால் விடலாமா? மை இடலாமா? – இளைய மருமகள்

இரண்டும் வேண்டாம் அம்மா. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாயின் வாயில் மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, மூக்கோரத்தில் கண்ணின் உள்மூலையில் சுண்டுவிரலை வைத்து அழுத்திக் கீழ்நோக்கி வழியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு நான்கு தடவை. எப்படி என்று ஒருமுறை டாக்டரிடம் நேரில் பார்த்துக்கொண்டால் பயமில்லாமல் செய்யலாம். மை திருஷ்டிக்குத்தான் என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள்.

குழந்தை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக்கினாலோ, கருவிழி பெரிதாகவோ வெண்புகை படிந்ததுபோலவோ இருந்தாலோ, கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

எனக்கு வயது 76. வலது கண் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் முத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணை வாங்கிக்கொள்வார்களா? தோலையும் தானம் கொடுக்கலாமாமே, சுருங்கிப்போன என் தோல் யாருக்கு ஆகும்? – பாட்டி (பென்சிலில்)

அம்மா, உங்கள் எழுத்தை இரண்டு தரம் படித்தேன். வாங்கிக்கொள்வார்கள். புரை வருவது கருவிழிக்குப் பின்னால் உள்ள லென்ஸில். ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர், கண்ணாடி போடுபவர் எல்லோரும் கண் கொடுக்கலாம். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால்தான் கூடாது.

தோல் யாருக்கு ஆகும் என்றால், தீயில் வெந்தவருக்கு ஆகும். பயிற்சி டாக்டராகத் தீக்காய வார்டில் ஒரு மாதம் இருந்திருக்கிறேன். அடுப்படியில் நைட்டியில் தீப்பிடித்து வந்த ஒரு பெண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரம் நெருங்கினாலே, தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு ஒட்டுப் போட அவருடைய சொந்தத் தோலே மிச்சம் இருக்காது. தானமாக வந்த தோலைப் போர்த்தினால் நீர் வடிவது குறையும், கிருமி ஏறுவதும் குறையும், வலி தணியும். அவருடைய தோல் வளரும்வரை அது காவல் இருக்கும். சுருக்கம் ஒரு தடையே இல்லை. ரத்த வகையும் பார்க்க வேண்டாம். தொடையிலும் முதுகிலும் மேல் படலத்தை மட்டும் காகிதம்போல மெல்லிசாக எடுத்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள். சேலை கட்டினால் வெளியே தெரியாது. கிளிசரினில் போட்டுக் குளிரில் வைத்தால் ஐந்து வருஷம்வரை இருக்கும். இதற்கும் 6 மணி நேரக் கணக்குதான்.

தோல் வங்கி எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் ஊருக்கு வருவார்களா என்று தீக்காயப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பேத்தியை விட்டு இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் கண் வங்கி எண்ணையும் தினசரிக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வைக்கட்டும். பீரோவில் வைக்க வேண்டாம்.

முத்தட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போதைய ஆபரேஷனில் முத்தினால்தான் சிரமம், லென்ஸ் கல்லாக இறுகிவிடும். பால் பொங்குவது தெரியாமல் கை சுட்டுக்கொண்டதாகப் பேத்தி ஓரத்தில் குறித்திருக்கிறாள். இளைய மகன் கண் காட்டப் போகும்போது நீங்களும் கூடவே கிளம்பி, இடது கண்ணுக்கு நாள் வாங்கிவிடுங்கள்.